என்ஜின் குழாயில் சுற்றியிருந்த பட்டு நூல்

நீ மீசை வைத்த ஆளாக உட்கார்ந்து இதைப் படிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இப்போது உனக்கு நாலு வயதுகூட நிரம்பவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகப்போகிறாய். புதுப் பையைக் கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்து, ஒரு தோளில் அது தொங்கத் தொங்கவே தூங்கிவிட்டாய். நேற்று உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஒன்றரை வருஷமாக வீட்டைத் தாண்டாமல் பொத்தி வைத்திருந்த உன்னுடைய விஷயம் ஒன்றை உன் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உனக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் உனக்கு இப்போது புரியாது. அதனால் எழுதி வைக்கிறேன். இதைச் சொல்லப் போனால் நம்முடைய வெள்ளைக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கே தொடங்குவது என்று குழம்பி, மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உனக்கு இரண்டு வயது தாண்டி சில மாதம் இருக்கும். காலையிலிருந்து லேசாகக் காய்ச்சல். மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது உன் கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. உன் அப்பா ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் பகல் ஷிப்ட். நான் கத்திய கத்தலில் ஐயம்பேட்டையில் நம் தெருவே திரண்டுவிட்டது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. யாரோ ஒரு சாவிக்கொத்தை உன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். நான் இயற்பியல் படித்தவள். அதனால் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் "சாவி கொண்டாங்க, சாவி கொண்டாங்க" என்று முதலில் கத்தியதே நான்தான். இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. ஆட்டோ பிடித்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் அடங்கி நீ தூங்கிவிட்டாய். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இது காய்ச்சலில் வருகிற வலிப்பு, பல குழந்தைகளுக்கு வரும், ஐந்து ஆறு வயதில் தானாக நின்றுவிடும். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள். இத்தனை சொன்னதில் என் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் நின்றது. ஓடி வா. எதில் ஓடி வருவது என்பதுதான் அதற்குப் பிறகு என் ஒரே கவலை.

அப்படித்தான் அந்தக் கார் வந்தது. தென்னேரியில் ஒரு குடும்பம் விற்கிறது என்று புரோக்கர் ஒருவர் சொன்னார். என்னைவிடச் சில வயதுதான் சின்னது அந்தக் கார். உன் அப்பா பாதி நாள் நைட் ஷிப்ட், பாதி நாள் பகல் ஷிப்ட், ஆகவே ஓட்ட வேண்டியவள் நான்தான் என்று நானே முடிவு செய்து டிரைவிங் கற்றுக்கொண்டேன். நீ பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, நான் கியர் மாற்றும்போதெல்லாம் வாயால் சத்தம் கொடுப்பாய். எனக்கு அந்த ரசனை எல்லாம் இல்லை. என் கண் என்ஜின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள்ளில்தான் இருக்கும். வாங்கிய இரண்டாவது வாரத்திலிருந்தே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துப் பக்கம் நெரிசலில் நின்றால் முள் மேலே ஏறும். இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். தினம் காலையில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் பானட்டைத் திறந்து பார்ப்பேன். உன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் இந்த பானட்டைத் திறந்து பார்ப்பதும் எனக்கு ஒரே வேலை மாதிரி ஆகிவிட்டது. உன் அப்பா சிரிப்பார். சிரித்துவிட்டு அவரும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் ஷிப்ட் பஸ்ஸுக்குப் போவார்.

ஒரு நாள் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் ரப்பர் குழாய் இருக்கிறதல்லவா, அது என்ஜினோடு சேரும் இடத்தில் அலுமினியத்தில் ஒரு கழுத்து மாதிரி இருக்கும். அந்தக் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாகப் பேஸ்ட் அப்பியிருந்தது. பாய் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட உள்ளேயிருந்து அரக்கு நிறத்தில் நூல் வந்தது. பாய் அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த தன் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருடா, காரு என்ஜினுக்கு முகூர்த்தப் புடவை கட்டி வெச்சிருக்காங்க."

கழுத்தில் விரிசல். காரை முன்னால் வைத்திருந்தவர்கள் அந்த விரிசலைப் பட்டு நூலால் இறுக்கிச் சுற்றி, மேலே பேஸ்ட் பூசி, அதன் மேல் கிளாம்ப் போட்டு முடுக்கியிருந்தார்கள். பட்டு எதையும் தாங்கும் என்று நம் ஊர் ஆட்களைத் தவிர வேறு யார் நம்புவார்கள்? சொல்லப்போனால், தாங்கித்தான் இருக்கிறது. பாய் அதற்கு மேல் சுரண்டவில்லை. புதுப் பேஸ்ட் பூசி முடுக்கித் தருகிறேன், அப்படியே ஓட்டுங்கள் என்றார். இது எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன்.

"நாளைக்கே போனாலும் போவும். நாலு வருஷம் நின்னாலும் நிக்கும். ஓடிக்கினு இருக்குதில்லமா, வுட்டுடு."

நாளைக்கே என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. உனக்குக் காய்ச்சல் வருகிற நாளும் அந்த நாளைக்கும் ஒன்றாக வந்துவிட்டால்? நடு ரோட்டில் தண்ணீர் கொட்டி, என்ஜின் சூட்டில் இறுகி நின்று, பின் சீட்டில் நீ வெட்டி இழுத்துக்கொண்டு. எல்லாவற்றையும் பிரித்து ஒழுங்காகச் செய்யுங்கள் என்றேன். பாய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பழைய போல்ட்டு, அலுமினியத்தில் துரு கட்டி உட்கார்ந்திருக்கும், கை வைத்தால் வம்பு என்றார். நான் கேட்கவில்லை. படித்த பெண் என்கிற திமிரும் கொஞ்சம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவர் சொன்னபடியே முதல் போல்ட் பாதியில் முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதைத் துளை போட்டு எடுக்கப்போய், போல்ட் திருகி உட்காரும் துளையின் மரையும் தேய்ந்து போனது. இனி என்ஜின் தலையை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்பி, துளைக்குள் புஷ் என்கிற உலோக வளையம் அடித்து, புது மரை போட வேண்டும் என்றார்கள். அந்தக் கழுத்தோ இப்போது எங்கும் வருவதில்லை, சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான்களில் தேடிப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த கார் மூன்று வாரம் பட்டறையில் வாயைப் பிளந்து நின்றது. கெடுத்தது அவர்களா நானா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

எனக்குக் கோபத்தைக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த நூலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வாலாஜாபாத் போய் அங்கிருந்து பஸ் மாறித் தென்னேரி போனேன். ஏரிக்கரைப் பக்கத்துத் தெருவில் வீடு. காரை விற்ற மனிதர் கழனிக்குப் போயிருந்தார். அவர் மனைவி தறியில் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கடகடவென்று கொட்டினேன். ஏமாற்றி விற்றுவிட்டீர்கள், சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி அது என்றேன். அந்த அக்கா கவரைத் திறந்து நூலைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"இது நான் சுத்தினதுமா. இன்னுமா இருக்குது?"

அவர் மகனுக்கு ஒரு பரீட்சை, சென்னையில். காலையில் குடும்பமே காரில் கிளம்பியிருக்கிறது. வழியில் புகை வந்து நின்றிருக்கிறது. கணவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இந்த அக்கா இறங்கி, தறிக்கென்று பையில் வைத்திருந்த நூலை எடுத்து அந்த விரிசலின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றியிருக்கிறார். எதிர்க்கடையில் பேஸ்ட் வாங்கிப் பூசியிருக்கிறார்கள். பையன் பரீட்சை எழுதிவிட்டான். இப்போது வேலையில் இருக்கிறான்.

"அன்னிக்கு சாயங்காலமே சரி பண்ணிக்கலாம்னுதான்மா இருந்தோம். அது பாட்டுக்கு ஓடிக்கினே இருந்துச்சு. அப்புறம் அதை மறந்தே பூட்டோம். விக்கும்போது ஞாபகம் இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லாம எனக்கு இன்னா வரப்போவுது?"

சண்டைக்குப் போனவள் காபி குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. ஒரு காலை நேரத்துக்காகப் போட்ட கட்டு. அது இல்லாவிட்டால் அந்தப் பையன் பரீட்சை எழுதியிருக்க மாட்டான். அதுவே இத்தனை வருஷம் கழித்து என் பிள்ளையின் உயிரில் கை வைக்கப் பார்த்தது. அதைக் கெட்ட வேலை என்று சொல்வதா, நல்ல வேலை என்று சொல்வதா? சாயங்காலம் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்து, என்ன இருந்தாலும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று முடித்தேன். அவர் யூனிபார்மைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அந்த அக்கா மறந்துட்டாங்க. நீ மறக்கல."

எதைச் சொல்கிறார் என்று அந்த நிமிஷமே புரிந்தது. அதனால்தான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. உனக்கும் சொல்லிவிடுகிறேன். உன் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் குழந்தைக்கு உடல்நலக் குறைவு ஏதேனும் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அழகான கையெழுத்தில். வலிப்பு என்ற சொல் நம் பக்கத்தில் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அன்றைக்குத் திரண்ட தெருக்காரர்களிடமே காய்ச்சல் மயக்கம் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி வைத்தேன். சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. சேர்க்க மாட்டார்களோ என்று ஒரு பயம். சேர்த்துக்கொண்டு உன்னை மட்டும் தனியாக உட்கார வைப்பார்களோ என்று இன்னொரு பயம். எப்படியும் இரண்டு வருஷத்தில் நின்றுவிடும் விஷயம்தானே, எதற்குப் பெயரைக் கெடுத்துக்கொள்வது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் உனக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று அப்போது நிச்சயமாக நம்பினேன். அதுதான் இப்போது என்னைக் குழப்புகிறது. நிச்சயமாக நம்பும்போதும் இப்படி ஆகுமானால், எதை வைத்து ஒன்றைச் செய்வது?

கார் பட்டறையில் இருந்தபோதே உனக்குக் காய்ச்சல் வந்தது. நான் எதற்காக அத்தனையும் செய்தேனோ அந்த நாள், அந்தக் கார் இல்லாத நாளாகப் பார்த்து வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு அம்மா, ஒரு காலேஜ் பெண், இன்னும் மூன்று பேர். ஊரைத் தாண்டியதும் உன் உடம்பு விறைத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னை ஒருக்களித்து மடியில் போட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டேன். முருங்கைக்காய் அம்மா உடனே டிரைவரைப் பார்த்து, "யப்பா, அந்தச் சாவியைக் குடு, புள்ள கையில வெக்கலாம்" என்றார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாவியைக் குடுத்துட்டா வண்டி எப்டிமா போவும்?"

அந்த அம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று, உன் கால் சீட்டில் இடிக்காமல் தன் புடவை முந்தானையைச் சுருட்டி வைத்தார். காலேஜ் பெண் போனைக் கையில் எடுத்தாள். வீடியோ எடுக்கிறாளோ என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம் ஆச்சுக்கா... ரெண்டு ஆச்சுக்கா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்று ஆவதற்குள் உன் உடம்பு தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து அந்த முருங்கைக்காய்க் கட்டையே பார்த்தாய். டிரைவர் நடுவில் யாரையும் ஏற்றாமல் ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். எத்தனை நிமிஷம் என்று டாக்டரம்மா கேட்டபோது முதல் முறையாக எனக்குச் சரியான பதில் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அது எனக்கு உறைத்தது. அந்தக் கார் இருந்திருந்தால் அன்றைக்கு நான் எங்கே இருந்திருப்பேன்? முன் சீட்டில். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கண் முள்ளில். நீ பின்னால் தனியாக, பெல்ட்டில், தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க ஆளில்லாமல். ஓரம் கட்டியிருப்பேன், இறங்கி ஓடி வந்திருப்பேன், ஒன்றும் ஆகியிருக்காது என்று உன் அப்பா சொல்கிறார். இருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக அந்த என்ஜினைப் பற்றியே கவலைப்பட்டவளுக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லையே. ஓடுவதற்கு வண்டி தேடினேன், உன்னைத் திருப்பிப் பிடிக்கக் கை வேண்டும் என்று நினைக்கவில்லை. அதற்காக நான் செய்ததெல்லாம் வீண் என்றும் சொல்ல முடியவில்லை. மூன்றாவது வாரம் பாய் காரை முடித்துக் கொடுத்தார். புதுப்பேட்டையிலிருந்து வந்த கழுத்து, லேத்தில் போட்ட புது மரை. வாலாஜாபாத் வரை ஓட்டிப் பார்த்தேன். முள் நடுவில் போய் நின்றது, அசையவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம், திங்கட்கிழமையிலிருந்து தினம் ஐந்து மணி நேரம் நான் இல்லாத இடத்தில் நீ இருப்பாய் என்பதே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே முருங்கைக்காய் அம்மா இருக்க மாட்டார். இருக்கிறவர்களுக்கு நான் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று உன்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். முதலில் தலைமை டீச்சர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, இதை முன்னாடியே ஃபார்மில் போட்டிருக்க வேண்டும் என்றார். சேர்த்துக்கொள்ள மாட்டீர்களா என்று கேட்டேன். அவர் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, பேனாவையும் சேர்த்து என் பக்கம் தள்ளினார். நான் எழுதிய சொல்லை நானே அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த முகத்தில் இருந்தது கோபமா இரக்கமா என்று எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார். இனி அந்தத் தாள் அங்கே இருக்கும். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குத் தெரியவரும், அவர் வழியாக வேறு யாருக்கும் தெரியலாம். நாலாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ ஒருவன் உன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அதற்கு விதை போட்டவள் நான். வலிப்பு உனக்கு நின்றுபோன பிறகும் அந்தப் பெயர் நிற்காமல் போகலாம். சொல்லாமல் இருந்திருக்கலாமே அம்மா என்று நீ கேட்கலாம். கோபப்படு. ஆனால் என்னிடம் வந்து நேராகக் கோபப்படு. உள்ளே வைத்துக்கொண்டு, பிறகு மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கு நான் சொல்லத் துணிகிற புத்திமதி இவ்வளவுதான். அதையும் முழுக்க நம்பித்தான் சொல்கிறேனா என்று தெரியவில்லை.

உன் வகுப்பு டீச்சருக்கு இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. இது முதல் வேலையாம். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்குது மேடம், இன்னா பண்ணணும்னு காட்டிடுங்க" என்றாள். எப்படிக் காட்டுவது என்று முழித்துவிட்டு, வகுப்பில் விரித்திருந்த பாயில் நானே இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். நீ விளையாட்டு என்று நினைத்து ஓடி வந்து என் எதிரில் அதே மாதிரி படுத்துக்கொண்டாய். அவள் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, உன் தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்து, மறுபடியும் மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினாள். இன்னொரு தடவை என்றாய். அவள் இன்னொரு தடவை திருப்பினாள். நான் எழுந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.